ஒரே டிரான்ஸ்கிரிப்ட், ஆளுக்கொரு ஜிபிஏ: அமெரிக்க விண்ணப்பச் சேவைகள் எப்படி?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவம், சட்டம் படிக்க விண்ணப்பிப்பவரின் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) ஜிபிஏ, அதாவது கிரேடு புள்ளிகளின் சராசரி, 3.94 என்று அச்சாகியிருக்கலாம். சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது அந்த எண்ணை அல்ல. நடுவில் ஒரு விண்ணப்பச் சேவை இருக்கிறது. எம்.டி. (அங்கே முதல் மருத்துவப் பட்டம்) படிப்புக்கு ஆம்காஸ், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) படிப்புக்கு ஆகோமாஸ், டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்., சட்டத்துக்கு எல்சாக். கல்லூரி போட்ட கிரேடுகளை இவை ஒவ்வொன்றும் தன் அட்டவணைப்படி மாற்றி, சராசரியைத் தானே புதிதாகப் போடுகிறது. பணம் கட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியும் கிடையாது. எனவே இவற்றை வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எது யாருக்குச் சாதகம், எங்கே கையைக் கடிக்கும் என்பதைத்தான் பார்க்க முடியும்.

வித்தியாசம் முழுக்க ஏ-பிளஸ், ஏ-மைனஸ் இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. ஆம்காஸில் ஏ-பிளஸும் 4.0, ஏயும் 4.0, ஏ-மைனஸ் 3.7, பி-பிளஸ் 3.3. எல்சாக்கில் ஏ-பிளஸுக்கு 4.33, ஏவுக்கு 4.00, ஏ-மைனஸுக்கு 3.67. டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். பிளஸ், மைனஸ் எதையும் கண்டுகொள்வதில்லை. ஏ-மைனஸ் வாங்கினாலும் முழு 4, பி-பிளஸ் வாங்கினாலும் வெறும் 3.

ஒருவர் தலா 3 கிரெடிட் கொண்ட 40 பாடங்கள் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 ஏ-பிளஸ், 20 ஏ, 10 ஏ-மைனஸ். ஆம்காஸ் கணக்கில் 3.93. எல்சாக்கில் சரியாக 4.00. டெக்சாஸிலும் 4.00. இதே உழைப்பை ஏ-பிளஸே தராத கல்லூரியில் போட்டிருந்தால் அந்தப் பத்தும் ஏயாகப் பதிவாகி, எல்சாக்கில் 3.92க்கு இறங்கிவிடும். பிளஸ், மைனஸ் இல்லாத கல்லூரியாக இருந்தால் எல்லாச் சேவையிலும் 4.00. படித்த ஆள் ஒருவர்தான், எழுதிய தேர்வும் ஒன்றுதான்.

கொஞ்சம் கீழே வந்தால் காட்சி தலைகீழ். 10 ஏ-மைனஸ், 20 பி-பிளஸ், 10 பி வாங்கியவருக்கு ஆம்காஸிலும் எல்சாக்கிலும் 3.33 வரும்; டெக்சாஸில் 3.25. பாதி ஏ, பாதி ஏ-மைனஸ் என்றிருப்பவருக்கோ ஆம்காஸில் 3.85, டெக்சாஸில் 4.00. டெக்சாஸ் சேவை சராசரி மாணவரிடமிருந்து பிடுங்கி, ஏ-மைனஸ்காரருக்குக் கொடுக்கிறது என்றே சொல்லலாம். அங்கே மருத்துவ இடங்களில் பெரும்பகுதி மாநிலவாசிகளுக்கே போவதால், டெக்சாஸில் வளரும் பிள்ளைகள் இந்தக் கணக்கை முதல் வருடமே தெரிந்து வைத்திருப்பது நல்லது. பி-பிளஸில் நிற்கும் பாடத்தை ஏ-மைனஸுக்கு இழுத்தால் ஆம்காஸில் லாபம் 0.4, இங்கே முழுதாக ஒன்று.

எல்சாக்கின் 4.33தான் இந்தச் சந்தையிலேயே மோசமான விதி. ஹார்வர்டிலும் யேலிலும் இளநிலை மாணவருக்கு ஏ-பிளஸ் கிடையாது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிளஸ், மைனஸ் எதுவுமே இல்லை. தேறாத பாடம் வெளியே போகும் டிரான்ஸ்கிரிப்டில் பதிவாவதும் இல்லை. கொலம்பியா, கார்னெல், ஸ்டான்ஃபோர்டு மூன்றிலும் ஏ-பிளஸ் உண்டு. பெர்க்லியில் ஏ-பிளஸ் உண்டு, ஆனால் பல்கலைக்கழகம் அதற்குத் தரும் புள்ளி 4.0 மட்டுமே, அதே கிரேடு எல்சாக் வாசலைத் தாண்டியதும் 4.33 ஆகிவிடுகிறது. சட்டக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் இடைநிலை (மீடியன்) ஜிபிஏவை ஆண்டுதோறும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்குக் கொடுத்து, வெளியிடவும் வேண்டும். அந்த எண் எல்சாக் போட்ட எண். முன்னணிக் கல்லூரிகளில் அது 3.9க்கு மேலே நிற்கிறது. அங்கே 4.10 காட்டும் பெர்க்லி மாணவரும், எவ்வளவு முட்டினாலும் 4.00ஐத் தாண்ட முடியாத பிரவுன் மாணவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இதற்கு எல்சாக் ஒரு மருந்தும் வைத்திருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். சட்டக் கல்லூரிக்குப் போகும் அறிக்கையில் ஜிபிஏ மட்டும் இருப்பதில்லை. அதே கல்லூரியிலிருந்து விண்ணப்பித்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்தச் சதவீத நிலையில் இருக்கிறார், அந்தக் கல்லூரிக்காரர்களின் சராசரி எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் என்ன என்பதும் இருக்கும். கறாராக மதிப்பெண் போடும் கல்லூரியில் 3.6 வாங்கியவருக்கு இந்த வரிதான் துணை. பிரின்ஸ்டன் 2004 முதல் 2014 வரை ஏ வகை கிரேடுகளை 35 சதவீத அளவில் கட்டுப்படுத்த முயன்ற காலத்தில் படித்தவர்களுக்கு இப்படி ஒரு வரி எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்காஸில் இது கிடையாது. அங்கே உங்கள் கல்லூரியின் கறார்த்தனம் சேர்க்கைக் குழுவின் நினைவில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்து, திரும்பப் படித்த பாடம். கெமிஸ்ட்ரியில் எஃப் வாங்கி, மறுபடி படித்து ஏ வாங்கினால் பல கல்லூரிகள் பழையதை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் எண்ணும். ஆம்காஸ் இரண்டையும் எண்ணும்: 4 கிரெடிட்டுக்கு பூஜ்யம், 4 கிரெடிட்டுக்கு 4.0, ஆக 8 கிரெடிட்டுக்கு 2.0. பழைய கிரேடும் கிரெடிட்டும் டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்தால் எல்சாக்கும் இதையேதான் செய்யும். ஆகோமாஸ் மட்டும் ஒரு காலத்தில் கடைசி கிரேடை எடுத்துக்கொண்டது. 2017இல் அந்தச் சலுகையும் போய்விட்டது. அதற்கு முந்தைய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் டி.ஓ. திட்டம் போடுகிறார்கள். அதை மறந்துவிடுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு படிக்கும் பாடங்களில்தான் மருத்துவமும் சட்டமும் தனித்தனி வழியில் போகின்றன. இளநிலைத் தரத்தில் அப்படிப் படிப்பவற்றை ஆம்காஸ் இளநிலை ஜிபிஏவோடு சேர்த்துக் கணக்கிடும். மூன்று செமஸ்டர் ஒழுங்காகப் படித்தால் எண் நிஜமாகவே ஏறும். எல்சாக்கோ முதல் பட்டம் கைக்கு வந்த நாளோடு கணக்கை மூடிவிடும். அதற்குப் பிறகு மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் டிரான்ஸ்கிரிப்ட் கோப்பில் இருக்கும், எண் அசையாது. சட்டம் என்ற எண்ணம் இருந்து ஜிபிஏ தாழ்ந்திருந்தால், பட்டம் வாங்குவதற்கு முன்பே ஒரு செமஸ்டர் கூடுதலாக இருந்து படிப்பது பலன் தரும்; பின்னால் படிப்பது தராது.

பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) படிக்கும் பாடங்களை நம் வீடுகளில் ஒரு பெருமையாகப் பேசுவார்கள். கல்லூரி கிரெடிட் கிடைத்த எந்தப் பாடமும், பதினாறு வயதில் படித்ததாக இருந்தாலும், இந்தச் சேவைகளின் கணக்கில் ஏறும். அந்தக் கல்லூரியிலிருந்தும் தனியாக டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். பின்னால் சேர்ந்த பல்கலைக்கழகம் அதை வெறும் கிரெடிட்டாக மாற்றிக்கொண்டு கிரேடை விட்டுவிட்டது என்பதால் அது மறைந்துவிடாது. ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) கிரெடிட்டுக்கு இந்த ஆபத்து இல்லை, அதற்கு கிரேடே கிடையாது.

ஆம்காஸின் உண்மையான தொல்லை தட்டச்சு வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் நீங்களேதான் உள்ளிட வேண்டும்: பாட எண், பெயர், கிரெடிட், கிரேடு எல்லாம் டிரான்ஸ்கிரிப்டில் இருப்பது போலவே. பாதியில் விலகிய பாடத்தையும் விடக்கூடாது. கையில் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட் நகல் இல்லாமல், கல்லூரி இணையதளத்தைப் பார்த்து அடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே காட்டும் பெயரும் எண்ணும் சில சமயம் வேறாக இருக்கும். தவறுகள் அதிகமானால் விண்ணப்பம் திரும்பி வரும், திருத்தி அனுப்பினால் மறுபடி வரிசை. சமர்ப்பித்த விண்ணப்பமும் எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளும் சேர்ந்த பிறகே வரிசையில் இடம் கிடைக்கும் என்பதால், ஜூன் நடுவில் ஒரு கல்லூரி மட்டும் தாமதித்தால்கூட முழு விண்ணப்பமும் காத்திருக்கும். கூட்ட நேரத்தில் சரிபார்ப்புக்கு ஆறு வாரம்கூட ஆகலாம்.

பாடங்களை வகைப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஆம்காஸ் தனி அறிவியல் ஜிபிஏ போடுகிறது. துறையின் பெயர் முக்கியமில்லை, பாடத்தின் உள்ளடக்கம்தான் முக்கியம். உளவியல் துறை நடத்தினாலும் புள்ளியியல் பாடம் கணிதத்தில் சேரும். ஊட்டச்சத்துப் பாடம் அறிவியலில் சேராது. ஆகோமாஸ் அறிவியல் ஜிபிஏவில் கணிதத்துக்கு இடமில்லை. கால்குலஸில் சொதப்பியவருக்கு அங்கே எண் கொஞ்சம் அழகாகத் தெரியும்.

செமஸ்டருக்குப் பதில் ஆண்டைக் குவார்ட்டர்களாகப் பிரிக்கும் கல்லூரிகளைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். 5 குவார்ட்டர் கிரெடிட் 3.33 செமஸ்டர் கிரெடிட்டாக மாறும், அவ்வளவே. முழுவதும் குவார்ட்டரில் படித்தவரின் சராசரி மாறாது. இரண்டு முறைகளிலும் கலந்து படித்தவருக்கே எடை இடம் மாறும். எம்.ஐ.டி.யின் 5.0 அளவும் அப்படித்தான், கிரேடு எழுத்துகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அங்கே பிளஸ், மைனஸ் உள்ளுக்குள் மட்டும் புழங்குவதால் ஏ-மைனஸ் வாங்கிய மாணவரும் வெளியே ஏ என்றே போகிறார். ஏ-பிளஸ் இல்லாததால் எல்சாக்கில் 4.33 கிடைக்காத குறைக்கு இது ஓரளவு ஈடு.

கனடாவில் ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரிகளுக்கான ஓம்சாஸ் வேறு ரகம். டொரன்டோ, ஸ்கார்பரோ பக்கத்து வீடுகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். சதவீத மதிப்பெண்ணுக்கான அதன் முக்கிய அட்டவணையில் 90 முதல் 100 வரை 4.0, 85 முதல் 89 வரை 3.9, 80 முதல் 84 வரை 3.7, 77 முதல் 79 வரை 3.3. ஒரு பாடத்தில் 79 வாங்கியவருக்கும் 80 வாங்கியவருக்கும் இடையே 0.4 புள்ளி பள்ளம். 90க்கும் 100க்கும் இடையே ஒன்றுமே இல்லை. ஒரு பாடத்தில் 98 எடுத்து இன்னொன்றில் 78 எடுப்பதைவிட இரண்டிலும் 85 எடுப்பவர் மேலே நிற்பார்: முதலாமவருக்கு 3.65, இரண்டாமவருக்கு 3.9. மதிப்பெண் கூட்டிப் பார்த்தால் முதலாமவருடையதே அதிகம்.

தமிழ்நாட்டிலிருந்து பட்டத்தோடு நேராக விண்ணப்பிப்பவர்கள் இந்த அட்டவணைகளைத் தங்கள் மதிப்பெண் பட்டியலோடு ஒட்டிப் பார்க்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் உச்சி ஓ, அதற்கு 10 புள்ளி; ஏ-பிளஸ் என்பது அடுத்த படி, 9 புள்ளி. அது எல்சாக்கின் 4.33 ஆகாது. 10க்கு 8.5 என்றால் 4க்கு 3.4 என்று குறுக்குப் பெருக்கல் போடுவதும் வீண் வேலை. ஜே.டி. (அமெரிக்கச் சட்டப் பட்டம்) விண்ணப்பத்தில் இந்தியப் பட்டத்துக்கு எல்சாக் ஜிபிஏவே போடாது. மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற நான்கில் ஒரு சொல்லை மட்டும் தரும். ஆம்காஸ் வெளிநாட்டுப் பாடங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர்களின் ஜிபிஏ அமெரிக்காவிலோ கனடாவிலோ படிக்கும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறது.