ஷெட்டை கோழிக்கூண்டா மாத்தித் தர்றேன்னு யாராவது வந்தா, குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. போன வாரம் ஒரே ராத்திரியில அஞ்சு கோழி போச்சு. மொத்தமே ஒம்போது தான் வச்சிருந்தேன். மிச்சம் இருக்கற நாலுல ஒண்ணு கால இழுத்து இழுத்து நடக்குது.

வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய ஷெட்டு சும்மா கெடந்துச்சு. மரச்சட்டம், பலகை சுவரு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, உள்ள உடைஞ்ச சைக்கிளும் காஞ்சு போன பெயிண்ட் டப்பாவும். எட்டடிக்கு ஆறடி இருக்கும். ஒரு கோழிக்கு உள்ள 4 சதுர அடின்னு கணக்கு வச்சா கூட 48 சதுர அடில ஒம்போது கோழி தாராளமா இருக்கலாம், புதுசா கட்டறதுக்கு பதிலா இதையே மாத்திடலாம்னு தோணுச்சு. அந்த யோசனைல இப்பவும் தப்பு இல்ல. ஆள் தான் தப்பு.

வந்தவர் போன்ல ஏழெட்டு கூண்டு போட்டோ காட்டினார், எல்லாம் பளபளன்னு பச்சை பெயிண்ட். நான் முன்னாடியே கொஞ்சம் படிச்சு வச்சிருந்ததால தெளிவாவே சொன்னேன், அண்ணே அரை இஞ்ச் கட்டம் வெல்டு மெஷ் தான் வேணும், கூரைக்கு கீழ காத்து போக வர இடம் விடணும், சுத்தி மண்ணுக்குள்ள ஒரு அடிக்கு வலை எறக்கணும்னு. எல்லாத்துக்கும் "பண்ணிடலாம் தம்பி, நீங்க கவலையே படாதீங்க"ன்னு ஒரே பதில். எதையும் எழுதி வாங்கல. அது என் முட்டாள்தனம், ஒத்துக்கறேன்.

நான் வேலைக்குப் போற நேரத்துல தான் அவங்க வேலை நடந்துச்சு. ரெண்டாவது நாள் சாயங்காலம் வந்து பாத்தா முடிஞ்சே போச்சு, பெயிண்ட் ஈரம் கூட காயல. பாக்க சூப்பரா இருந்துச்சு, முழுக் காசையும் குடுத்து அனுப்பிட்டேன்.

மொதல்ல வலை. போட்டிருந்தது ஆறு மூலை வச்சு கம்பிய முறுக்கி இருக்குமே அந்த சாதா கோழி வலை. அது கோழி வெளில போகாம இருக்கறதுக்கு மட்டும் தான், வெளில இருந்து ஒரு பிராணி உள்ள வரணும்னு நெனச்சா அதெல்லாம் ஒரு தடையே இல்ல, நாய் பல்ல வச்சு இழுத்தாலே கிழியும், எலிக்குஞ்சு கிழிக்காமயே ஓட்டை வழியா வந்துரும். வெல்டு மெஷ்னா கம்பி குறுக்க வர்ற ஒவ்வொரு இடமும் பத்த வச்சு சதுரமா நிக்கும், கட்டை விரலால அமுக்கினா நெளியாது. பெயிண்ட் மேல பூசியிருந்ததால எனக்கு அப்ப வித்தியாசமே தெரியல. அதையும் ஸ்க்ரூ, வாஷர் எதுவும் போடாம ஸ்டேப்ளர் பின்னால அடிச்சிருக்காங்க. மண்ணுக்குள்ள எறக்கின வலையா? ஒரு விரக்கடை கூட இல்ல, வலை தரையோட முடிஞ்சிடுச்சு, மேல மண்ண தள்ளி மூடி வச்சிருக்காங்க.

போன வாரம் அந்த ராத்திரி வந்தது கீரியா மரநாயான்னு நான் பாக்கல. மூலைல பின் பிடுங்கி வலை உள்பக்கமா மடங்கியிருந்துச்சு, அவ்ளோதான். ரெண்ட தூக்கிட்டுப் போயிருக்கு, மூணு அங்கயே கழுத்து கடிபட்டு கெடந்துச்சு. கோழிக்கு இருட்டுல கண்ணு சரியா தெரியாது, கட்டைல உக்காந்தது உக்காந்தபடி இருக்கும், பாவம் ஓடக் கூட தெரியாது.

அதுக்கப்புறம் தான் கூண்ட முழுசா பிரிச்சு பாத்தேன். காத்து போற இடத்த எல்லாம் பலகை வச்சு அடைச்சிருக்கார், கேட்டா குளிர் அடிக்கும்ல தம்பிங்கறார். கோழிக்கு உடம்பு பூரா சட்டை இருக்கு அண்ணே, குளிர அது தாங்கும், வேர்க்காத பிராணி அது, சூட்ட தான் தாங்காது. அதோட எச்சத்துல முக்கால்வாசி தண்ணி, அந்த ஈரமும் அம்மோனியாவும் வெளில போக வழி இல்லன்னா நேரா நுரையீரலுக்கு தான் போகும். காலைல கதவ தெறந்தா எனக்கே கண்ணு எரிஞ்சுச்சு, நான் கோழின்னா நாத்தம் இருக்கத்தானே செய்யும்னு நெனச்சுக்கிட்டேன்.

உக்கார்ற கட்டைய முட்டை போடுற பெட்டிய விட கீழ வச்சிருந்தார். கோழி எது உசரமோ அதுல தான் தூங்கும், அதனால எல்லாம் பெட்டிக்குள்ளயே படுத்து எச்சம் போட்டு முட்டை பூரா அசிங்கம். இத கூட விட்டுடலாம், ஒரு மணி நேர வேலை.

விட முடியாதது அந்த மரம். புது மரம்னு காசு வாங்கினார். ஒரு பலகைய கழட்டி திருப்பினா பின்பக்கம் காஞ்ச கோழி எச்சம்! வேற எங்கயோ பிரிச்ச கூண்ட கொண்டாந்து முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்கார். அந்த இடுக்குல பூரா செள்ளு. சிவப்பு செள்ளு பகல்ல கண்ணுக்கே தெரியாது, இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரி தான் வந்து ரத்தம் குடிக்கும், ஒரு வாய் ரத்தம் இல்லாமயே மாசக்கணக்குல உயிரோட கெடக்கும். கொண்டை வெளுத்துப் போனதும் முட்டை குறைஞ்சதும் ஏன்னு எனக்கு அப்ப தான் புரிஞ்சுது. சந்தேகம் இருந்தா இருட்டினப்புறம் வெள்ளை டிஷ்யூவால கட்டையோட அடிப்பக்கம் தொடச்சு பாருங்க, சிவப்பா கறை வந்தா அது தான்.

ஷெட்டோட பழைய பெயிண்டயும் சுரண்டாமயே மேல பூசிட்டார். உரிஞ்சா கோழி கொத்தும், பழைய பெயிண்டுல ஈயம் இருந்தா அது முட்டை வரைக்கும் வரும். கட்டுக்கம்பி துண்டும் ஸ்டேப்ளர் பின்னும் தரை பூரா கெடந்துச்சு, மின்னுற எதையும் கோழி முழுங்கும், காந்தம் வச்சு பொறுக்கினதுல ஒரு கைப்பிடி வந்துச்சு. எல்லாத்துக்கும் மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட அங்கயே கிரைண்டர் வச்சு அறுத்திருக்கார்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தான் தெரியும், அந்த தூசி மூச்சுல போனா கேன்சர் வரைக்கும் கொண்டு போய் விடும், அறுத்த பையனுக்கு மூக்குல ஒரு துணி கூட இல்லையாம்.

போன் பண்ணினேன். மொத தடவ "வந்து பாக்கறேன்", ரெண்டாவது தடவ "கோழி வச்சா நாலு பிராணி வரத்தான் செய்யும் தம்பி", மூணாவது தடவ ரிங்கே போகல.

இப்ப நாலு கோழியும் வராண்டாவுல ஒரு பெட்டிக்குள்ள தூங்குது. செள்ளு புடிச்ச பலகைய எல்லாம் கழட்டி தனியா போட்டுட்டேன், வெல்டு மெஷ் நானே வாங்கி ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு அடிக்கறேன். மண்ணு தோண்ட முடியாத பக்கம் வலைய வெளிப்பக்கமா ஒன்றரை அடி படுக்க வச்சு மேல கல்லு அடுக்கறேன், தோண்ட வர்றது சுவரு ஓரத்துல தான் ஆரம்பிக்கும், வலை தட்டினா விட்டுட்டுப் போயிடும்.

நீங்க ஆள் வச்சு செய்யறதா இருந்தா பெயிண்ட கடைசி காசோட சேத்து நிறுத்தி வைங்க, அடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே வலைய அமுக்கி, பலகைய திருப்பி பாத்துடுங்க. போட்டோ காட்டினாங்கன்னா பெயிண்டுக்கு முன்னாடி எடுத்தது இருக்கான்னு கேளுங்க. எனக்கு காட்டின ஏழெட்டும் பெயிண்ட் அடிச்சப்புறம் எடுத்தது.