ஈமேக்ஸில் நாட்மச்: தேடல் வடிகட்டிகளோடு பல ஆண்டுகள்

பல ஆண்டுகளாக என் மின்னஞ்சல் முழுவதையும் ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்திக்குள், நாட்மச் என்ற அஞ்சல் தேடல் நிரல் வழியாகத்தான் படிக்கிறேன். கார்ல் வொர்த் 2009-இல் தொடங்கிய திட்டம் இது. அஞ்சலை இறக்கித் தர வேறு நிரல் வேண்டும். இறங்கியவற்றைச் சேபியன் என்ற தேடல் மென்பொருள் நூலகத்தின் துணையோடு அட்டவணைப்படுத்தி, டேக் என்ற அடையாளச் சொற்களை ஒட்டி, தேடித் தருவதே இதன் வேலை. இன்பாக்ஸ்கூட இங்கே ஒரு தேடல்தான். அதனால் வடிகட்டி, அதாவது தேடல் நிபந்தனை, தவறினால் எல்லாம் தவறும்.

இருக்கும் அஞ்சல் தேடலில் வராதபோது தரவுத்தளத்தை அழித்துப் புதிதாகக் கட்டப் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. உங்கள் தேடல் கேள்வி எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். 'நாட்மச் டீபக் குவரி' என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) ஏதேனும் ஒரு மதிப்புக் கொடுத்து, கட்டளை தட்டும் முனையத்தில் தேடினால், சேபியனுக்குப் போன கேள்வி அப்படியே அச்சாகும். பொருள் வரியில் தேடச் சொல்லும் 'சப்ஜெக்ட்' முன்னொட்டுக்குப் பின் இரண்டு சொற்கள் எழுதினால் அது முதல் சொல்லுக்கு மட்டுமே பொருந்துகிறது என்பது அங்கே பளிச்சென்று தெரியும். இரண்டையும் மேற்கோள் குறிக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணம், விலக்கு டேக்குகள். அமைப்புக் கோப்பில் விலக்கச் சொன்ன டேக், பொதுவாக 'டிலீட்டட்', 'ஸ்பாம்', ஒட்டிய அஞ்சல்கள் சாதாரணத் தேடலில் தலைகாட்டா. எண்ணிக்கை தரும் 'கவுண்ட்' கட்டளையை விலக்கோடு ஒரு முறை, விலக்கின்றி ஒரு முறை ஓட்டுங்கள். எண்கள் வேறுபட்டால் அஞ்சல் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது, 'இல்லாதவை' என்று பொருள்படும் 'நாட்' வடிகட்டிதான். ஓர் உரையாடலை ஒதுக்க அதன் அஞ்சல் ஒன்றில் 'மியூட்டட்' டேக் ஒட்டி, அந்த டேக் இல்லாதவற்றைத் தேடினால், அதே உரையாடல் மறுபடி பட்டியலில் வந்து நிற்கும். தேடல் அஞ்சல் அஞ்சலாகப் பொருத்திப் பார்க்கிறது. ஈமேக்ஸ் பட்டியலோ உரையாடல்களைக் காட்டுகிறது. டேக் இல்லாத ஒரே ஒரு பதில் இருந்தாலும் முழு உரையாடலும் வந்துவிடும். 'நாட்' என்பதை அடுத்து உரையாடலைக் குறிக்கும் 'திரெட்' முன்னொட்டு, அதன் பின் நெளிவு அடைப்புக்குள் டேக் நிபந்தனை என்று எழுதினால் முழு உரையாடலும் விலகும். இந்த உள்தேடல் வசதி ஒன்றுக்காகவே நாட்மச்சைப் பரிந்துரைப்பேன்.

தமிழ் அஞ்சல்களில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. சொல்லின் வேரைப் பிடிக்கும் வசதி ஆங்கிலத்துக்கே அமைந்தது. 'கட்டணம்' என்று தேடினால் 'கட்டணத்தை' வராது. 'கட்டண' என்று நிறுத்தி நட்சத்திரக் குறி இட்டால் இரண்டும் வரும், 'கட்டணங்கள்' என்பதும் வரும். வேற்றுமை உருபேற்றுத் திரியும் எல்லாச் சொற்களையும் இப்போது இப்படியே தேடுகிறேன்.