வளையத்தில் கைரல் கார்பன்: தளம் தேடுவதா, நடந்து பார்ப்பதா?

சங்கிலி மூலக்கூறில் கைரல் கார்பனைப் பிடிப்பது பெரிய வேலையில்லை. அந்தக் கார்பனின் நான்கு கைகளிலும் (பிணைப்புகளிலும்) நான்கு வெவ்வேறு அணுத் தொகுதிகள் இருந்தால் அது கைரல் மையம். வளையம் வந்தால்தான் தடுமாற்றம். இரண்டு கைகள் ஒரே வளையத்துக்குள் போகின்றன. அவை ஒன்றா, வேறா?

மூலக்கூறை ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு பாதிகளாக வெட்டும் சீர்மைத் தளம் தேடுவது ஒரு வழி. அந்தக் கார்பனில் நின்று, வளையத்தின் இரு பக்கமும் அணு அணுவாக நடந்து ஒப்பிடுவது இன்னொரு வழி. தேர்வுக்குப் படித்தபோது இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் நடையைப் பிடித்துக்கொண்டேன்.

தளம் வேகமானது, மறுக்கவில்லை. 4-மெத்தில்சைக்ளோஹெக்சனாலில் ஒரு கோடு கிழித்தாலே போதும், கைரல் மையம் இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் சிஸ்-1,2-டைமெத்தில்சைக்ளோபென்டேனிலும் (இரு மெத்தில்களும் வளையத்தின் ஒரே பக்கம்) தளம் உண்டு. அதைப் பார்த்து "பூஜ்யம்" என்று எழுதி மதிப்பெண்ணை விட்டேன். அங்கே தளம் மெத்தில் தாங்கிய இரு கார்பன்களுக்கு நடுவே போகிறது, அவற்றின் வழியாகப் போகவில்லை. மூலக்கூறை மொத்தமாகப் பார்த்தால் கைரல் இல்லை (அதுவும் அதன் கண்ணாடி பிம்பமும் ஒன்றே) என்பது வரை உண்மை. ஆனால் அந்த இரண்டு கார்பன்களும் கைரல் மையங்களே; அதனால்தான் அது மீசோ, அதாவது கைரல் மையங்கள் இருந்தும் மொத்தத்தில் கைரல் இல்லாதது. எண்ணச் சொல்வது மையங்களை என்றால் தளம் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

நடை இங்கே ஏமாற்றாது. ஆரஞ்சுத் தோலில் மணக்கும் லிமோனீனை எடுங்கள். ஐசோபுரொப்பினைல் தொங்கும் கார்பனில் நின்றால், முதல் அடியில் இரு பக்கமும் இரண்டு ஹைட்ரஜன் தாங்கிய கார்பன்தான். பலர் இங்கேயே "ஒன்றுதான்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஓர் அடி வையுங்கள்: ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு, மறுபக்கம் வெறும் ஒற்றைப் பிணைப்பு. கைரல் மையம் ஒன்று, அவ்வளவுதான். மென்தாலில் மெத்தில் தாங்கிய கார்பனும் இப்படித்தான், இரண்டாம் அடியில் ஒரு பக்கம் ஹைட்ராக்சில் கார்பன் வந்து பிரிகிறது. மொத்தம் 3 மையங்கள், 8 மாற்றியங்கள் (இணைப்பு ஒன்றாக, முப்பரிமாண அமைப்பு மட்டும் வேறாக இருப்பவை).

இரு பக்கமும் இணைப்பு ஒன்றாக இருந்து, முப்பரிமாண அமைப்பில் மட்டும் வேறுபடும் வளையங்களுக்கு இந்த நடை போதாது. பாலம் போட்ட வளையங்களில் (வளையத்தின் இரு கார்பன்களைக் குறுக்கே இன்னொரு இணைப்பு கட்டியவை) எனக்குப் பழக்கமும் குறைவு. கற்பூரத்தில் நடந்தால் 2 மையங்கள் கிடைக்கின்றன, 4 மாற்றியங்கள் வரவேண்டும். ஆனால் பாலம் இறுக்கிப் பிடிப்பதால் இருப்பவை 2 மட்டுமே. அதை நான் பந்தும் குச்சியும் வைத்துக் கட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.