முதுகலைக்குப் போகுமுன்: ஆய்வு வழியா, பாட வழியா, கலப்பு வழியா?

பட்டப்படிப்பை முடித்த பிள்ளை மேலே படிக்கப் போகிறது என்றதும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் ஊரான சுங்கை சிப்புட்டில் எழும் முதல் கேள்வி, "மலாயாப் பல்கலைக்கழகமா, பினாங்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஊர் என்பதை அல்ல, எந்த வழி என்பதை. வேலையை விட வேண்டுமா, வளாகத்தில் எத்தனை மாதம் இருக்க வேண்டும், கட்டணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

பாட வழியில் வகுப்பு, இடுபணி, தேர்வு, கடைசியில் ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் இருக்கும். ஆய்வு வழியில் ஆய்வு முறையியல் போன்ற ஒன்றிரண்டு பாடங்கள் தவிர வகுப்பு கிடையாது. மேற்பார்வையாளர், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, அவ்வளவுதான். கலப்பு வழியில் பாதிக்குப் பாதி, அல்லது அதை ஒட்டிய பங்கீட்டில் பாடமும் ஆய்வேடும் சேர்ந்து வரும்.

மணிக்கணக்கு

பாட வழிக்கும் கலப்பு வழிக்கும் மலேசியத் தகுதி முகவாண்மையான எம்.கியூ.ஏ. விதித்திருக்கும் குறைந்த அளவு 40 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பில் உட்காரும் நேரத்தோடு வாசிப்பு, இடுபணி, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதில் அடங்கும். ஆக மொத்தம் 1,600 மணி நேரம். பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் என்று ஆண்டுக்கு 4 வாரம் கழித்துவிட்டால், ஓராண்டில் முடிக்க வாரம் 33 மணி நேரம் வேண்டும். இரண்டு ஆண்டென்றால் 17, மூன்று ஆண்டென்றால் 11.

ஈப்போவில் வேலை பார்ப்பவர் காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார நாள் இரவில் இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் படித்தால் 10. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் இன்னும் 7. இரண்டு ஆண்டுத் திட்டம் இப்படித்தான் நிறைவேறும், ஒரு சனிக்கிழமைகூட மிச்சமில்லாமல். பகுதி நேரம் படிப்பவருக்கு மூன்று ஆண்டே நியாயமான கணக்கு.

பகுதி நேரத்தில் சேர்பவர்கள் முதல் பருவத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். உற்சாகத்தில் 3 பாடம் எடுப்பார்கள். 3 பாடம் என்றால் 9 கிரெடிட், 360 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்து ஒரு பருவத்துக்கு 18 வாரம் கிடைக்கும். வாரம் 20 மணி நேரம் ஆகிறது. வேலையோடு அது ஓடாது. 2 பாடம் எடுத்தால் வாரம் 13. முதல் பருவத்தில் 2 பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஆய்வு வழிக்குக் கிரெடிட் கணக்கு இல்லை என்பதால் அதை எளிது என்று நினைப்பவர் உண்டு. மாதாமாதம் கெடு வைத்து விரட்ட ஆளில்லாத படிப்பு அது. முழு நேரமாகச் செய்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. கட்டணம் பருவத்துக்குப் பருவம் வருவதால், இழுக்கும் ஒவ்வொரு பருவமும் காசு.

ஆய்வு வழி: மேற்பார்வையாளர்தான் பாதிப் படிப்பு

பாட வழியில் ஒரு விரிவுரையாளர் சரியில்லை என்றால் அடுத்த பருவத்தில் வேறொருவர் வருவார். ஆய்வு வழியில் அந்த வசதி இல்லை. விண்ணப்பத்துக்கு முன்பே, குறைந்தது நான்கு மாதம் முன்னதாக, ஆளைத் தேடத் தொடங்க வேண்டும்.

துறையின் பக்கத்தில் பெயர்களைப் பார்த்து, ஒவ்வொருவரும் கடந்த ஐந்து ஆண்டில் எழுதிய கட்டுரைகளைக் கூகல் ஸ்காலரில் தேடுங்கள். உங்கள் தலைப்புக்கு அருகில் இரண்டு கட்டுரையாவது இருந்தால் எழுதலாம். மின்னஞ்சல் 200 சொல்லுக்குள் இருக்கட்டும்: யார் நீங்கள், என்ன படித்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், எதை ஆராய விரும்புகிறீர்கள், எந்தப் பருவத்தில் சேர நினைக்கிறீர்கள். மதிப்பெண் பட்டியல், ஒரு பக்கத் தன்விவரம், இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே நாளில் அனுப்பினால் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், ஒவ்வொருவராக அணுகுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், பிறகு அடுத்தவரைப் பாருங்கள்.

பதில் வந்தபின் கேட்க வேண்டியவற்றைப் பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டாய ஓய்வு வயது 60. உங்கள் ஆய்வு முடிவதற்குள் அவர் ஓய்வு பெறுவாரா, ஒப்பந்தத்தில் இருக்கிறாரா, ஆய்வு விடுப்பில் வெளிநாடு போகிறாரா என்று மரியாதையோடு கேட்டுவிடலாம்: "டாக்டர், அடுத்த இரண்டு ஆண்டும் நீங்கள் துறையில் இருப்பீர்களா?" இதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. போகிறார் என்றாலும் பாதகமில்லை, இணை மேற்பார்வையாளர் ஒருவர் முதல் நாளிலிருந்தே எழுத்தில் இருந்தால் போதும். அவரிடம் இப்போது எத்தனை மாணவர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களில் ஒருவரிடம், அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தம் வருகிறது என்று விசாரித்துவிடுங்கள்.

தலைப்பு அகலமாக இருப்பதே விண்ணப்பம் திரும்பி வர முக்கியக் காரணம். "தோட்டத் தமிழர் கல்வி" என்று எழுதினால் அது பத்து ஆய்வேடு. "தோட்டத்திலிருந்து நகருக்கு இடம் மாறிய ஒரு தமிழ்ப்பள்ளியில் 4, 5-ஆம் ஆண்டு மாணவர்களின் வீட்டு வாசிப்பு" என்றால் இரண்டு ஆண்டில் முடியும். அறிவியலிலும் அப்படித்தான். "செம்பனை ஆலைக் கழிவுநீர்" என்பது துறையின் பெயர். "ஓர் ஆலையின் கடைசிக் குளத்து நீரில் அம்மோனியா நைட்ரஜனைக் குறைப்பது" என்பது தலைப்பு.

இனிப் பணம். மேற்பார்வையாளரிடம் அரசின் அடிப்படை ஆய்வு நிதியான எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற ஆய்வு நிதி இருந்தால், ஆய்வு உதவியாளராக மாதாந்தர உதவித்தொகை கிடைக்கலாம். இந்த நிதி 24 முதல் 36 மாதம் வரைதான். ஏற்கெனவே 18 மாதம் ஓடிய 24 மாத நிதியில் சேர்ந்தால் உங்களுக்கு மிஞ்சுவது அரை ஆண்டு. நிதி எந்த மாதம் முடிகிறது, தொகை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து வரும், கட்டணமும் அதில் அடங்குமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவு, நியமனக் கடிதம், கோரிக்கை என்று படிகள் இருப்பதால் முதல் தொகை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் முழு நேரத்தில் இறங்க வேண்டாம். இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதி) கடன் இருந்தால், மேற்படிப்புக்கான ஒத்திவைப்பு தானாக நடக்காது. சேர்க்கைக் கடிதத்தோடு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பாட வழி: சம்பளத்தோடு படிப்பவருக்கு

பதவி உயர்வுக்கோ துறை மாறுவதற்கோ பட்டம் தேவைப்படுபவருக்குப் பாட வழி போதும், அதுவே சரியும்கூட. சம்பளம் நிற்காது என்பது மட்டுமல்ல, கட்டணத்தில் ஒரு பகுதி வேறு வழியில் திரும்பவும் வரும். முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரி விலக்கு உண்டு, எந்தத் துறையானாலும். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவர் முழு 7,000-ஐயும் காட்டினால் 770 வெள்ளி மிச்சம். 6 விழுக்காட்டுப் படி என்றால் 420. வரி கட்டாத அளவு சம்பளம் என்றால் இதில் பயன் ஏதும் இல்லை. ஊழியர் சேமநிதியின் செஜாத்தரா கணக்கிலிருந்தும் கட்டணத்துக்கு எடுக்கலாம். பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து பிள்ளைக்காகவும் எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து புதுச் சந்தாவில் 15 விழுக்காடுதான் இந்தக் கணக்குக்குப் போகிறது. வயதான பெற்றோரின் கணக்கைத் தொடுமுன் இருமுறை யோசியுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பகுதி நேரத்தில் சேருமுன் துறைத் தலைமையின் அனுமதியை வாங்க வேண்டும். முழு நேரம் போக விரும்பினால் அரசு ஊழியர் மேற்படிப்புக்கான எச்.எல்.பி. உபகாரச் சம்பளத்துக்கு முயலலாம். வேலையை விட்டுவிட்டுப் போவதைவிட ஓராண்டு காத்திருந்து அதற்கு விண்ணப்பிப்பது மேல்.

பாட வழியில் ஒரு குறை உண்டு. பிறகு முனைவர் பட்டத்துக்குப் போக நினைத்தால், ஆய்வுப் பயிற்சி போதவில்லை என்று ஆய்வு முறையியலைத் தனியாக முடிக்கச் சொல்லலாம்.

கலப்பு வழி

இதைத்தான் நம் பிள்ளைகள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். விரிவுரையாளராக வேண்டுமா, வேலைக்குப் போக வேண்டுமா என்று இன்னும் தெரியாத 23 வயதில் இதுவே சிறந்த தேர்வு. முதல் பருவப் பாடங்களிலேயே மூன்று நான்கு விரிவுரையாளரை நேரில் பார்த்துவிடுவதால், மேற்பார்வையாளரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டத்துக்கான வழியும் திறந்திருக்கும். எல்லாத் துறையிலும் கிடைக்காது என்பதுதான் இதில் உள்ள ஒரே சிரமம்.

இனி ஊர்

சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். விரைவு மின் ரயில் நிற்பது பெரிய வசதி. தெற்கே கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்குச் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து கிளானா ஜெயா தட எல்.ஆர்.டி.யில் நான்காவது நிலையம் 'யுனிவர்சிட்டி'. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அங்கே இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இங்கேதான் இருக்கிறது. தமிழிலேயே ஆய்வேடு எழுத விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம் (யு.பி.எம்.) ரப்பர், செம்பனை, மண், உணவு சார்ந்த ஆய்வுக்கு ஏற்றது. கே.எல். சென்ட்ரலை ஒட்டிய மியூசியம் நெகாராவில் எம்.ஆர்.டி. ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் தடம் மாறினால் யு.பி.எம். நிலையம் வரும். வளாகம் மிகப் பெரியது. நிலையத்தில் இறங்கியதும் வந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். தலைநகர் வட்டாரத்தில் தங்குபவர் மை50 அட்டை எடுத்துவிட்டால் 50 வெள்ளிக்கு 30 நாள் ரெப்பிட் கே.எல். ரயிலும் பேருந்தும் ஓடும்.

வடக்கே பினாங்கு நமக்கு அருகில். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி, பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யு.எஸ்.எம்.) இருக்கும் குளுகோருக்குப் பேருந்து. 1969-இல் தொடங்கிய யு.எஸ்.எம். பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அதன் பொறியியல் வளாகம் தீவில் இல்லை, நிபோங் திபாலில் இருக்கிறது, மருத்துவ வளாகம் கிளந்தானின் குபாங் கெரியானில். சேர்க்கைக் கடிதத்தில் வளாகத்தின் பெயரைப் பார்க்காமல் தீவிலுள்ள சுங்கை டுவாவில் அறைக்கு முன்பணம் கட்டினால் அது போனதுதான். பொறியியல் படிப்பவருக்கோ நிபோங் திபால் நல்ல செய்தி, வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம்.

தங்குமிடம்

வளாக விடுதியில் முதுகலை மாணவருக்கு இடம் குறைவு. கிடைத்தால் முதல் பருவத்துக்கு அதையே எடுங்கள். வெளியே அறை எடுத்தால் ஒரு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்பது வழக்கம். 500 வெள்ளி அறைக்குக் கையில் 1,250 வெள்ளி வேண்டும். ஆய்வுக் களம் நம் ஊரிலேயே இருக்கிறது என்றால் 12 மாத ஒப்பந்தம் போடாதீர்கள். முதல் ஆறு மாதம் வளாகத்தில் தங்கிப் பாடங்களையும் முன்மொழிவையும் முடித்துவிட்டு, தகவல் திரட்ட வீட்டுக்கு வந்துவிடலாம். நூலகத்தின் மின் இதழ்களை மாணவர் கணக்கில் வீட்டிலிருந்தே திறக்கலாம். சோத்தேரோ போன்ற இலவச மேற்கோள் மென்பொருளை முதல் கட்டுரை படிக்கும் நாளிலேயே நிறுவுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டவர்கள் கடைசி மாதத்தை நூற்பட்டியலிலேயே கழிக்கிறார்கள்.

நம் ஊரையே ஆராய்பவர்களுக்கு

ஊர்க்காரர் என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைப்பது பெரிய தவறு. பள்ளிக்குள் ஆய்வு செய்ய கல்வி அமைச்சின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவான இ.பி.ஆர்.டி.யிடம் இராஸ் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, பிறகு மாநிலக் கல்வி இலாகாவின் ஒப்புதலும் பெற வேண்டும். தலைமையாசிரியர் தெரிந்தவராக இருந்தாலும் அந்தக் கடிதங்கள் இல்லாமல் அவரால் சம்மதிக்க முடியாது, அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வினாநிரல் முடிவாகாமல் இந்த விண்ணப்பம் நகராது. எனவே அதை முதல் பருவத்திலேயே எழுதிவிட வேண்டும். தேர்வு எழுதும் வகுப்பை விட்டுவிட்டு வேறு ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்.

மனிதரிடம் தகவல் வாங்கும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். அதற்கு முன் திரட்டிய நேர்காணல்களைப் பயன்படுத்த விடமாட்டார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தயாரியுங்கள். பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றிப் பேசப்போகும் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், படிவத்தை வாசித்துக் காட்டி, சாட்சி ஒருவர் கையெழுத்திட, கைநாட்டு வாங்கலாம். அந்த முறையையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். 18 வயதுக்குக் கீழென்றால் பெற்றோர் ஒப்பம் வேண்டும்.

தோட்டத்துக்குள் போவதற்கு நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மேலாளர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவருடைய வாய்ச்சொல்லையோ வாட்ஸ்அப் செய்தியையோ நம்பாமல், நிறுவனத்தின் முத்திரைத் தாளில், ஆய்வின் தலைப்பும் தொடங்கும், முடியும் தேதிகளும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடியும் தேதியில் ஆறு மாதம் கூடுதலாகவே கேளுங்கள்.