எலும்புப் படையுடன் இரண்டரை ஆண்டுகள்

கிங்ஸ் ஆஃப் வார் என்பது வண்ணம் தீட்டிய சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு. அதற்காக நான் சேர்த்துவந்த மரித்தோர் படை, அதாவது எலும்புக்கூடுகளின் படை, சென்ற மாதம் 2000 புள்ளிகளைத் தொட்டது. படையின் ஒவ்வொரு பிரிவுக்கும் விதிகள் தரும் மதிப்பைக் கூட்டிய கணக்கு அது. முதல் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இரண்டரை ஆண்டு. இதற்கு முன் தொடங்கிய எல்ஃப் படை (கதைகளில் வரும் கூர்க்காதுக் குலம்) சேலம் அம்மாபேட்டை வீட்டுப் பரணில் இருக்கிறது. அதில் 40 வீரர்களில் 11 பேருக்குத்தான் வண்ணம் ஏறியது.

ஒன்று முடிந்து மற்றது நின்றுபோனதற்குக் காரணம் கடைசி வரிசைக் காலாள்தான். எல்ஃப் படையை அதன் தலைவனின் அழகுக்காக வாங்கினேன். ஆனால் தலைவனுக்கு வண்ணம் தீட்டுவது ஒரு முறை, ஈட்டிக்காரனுக்கோ பல பத்து முறை. அந்த எல்ஃப் ஈட்டிக்காரனுக்குச் செதில் கவசம், அதன் விளிம்பில் பொற்கோடு, இடுப்பில் கச்சை, கேடயத்தின் நடுவில் பதித்த கல். ஒருவனை முடிக்க இரண்டு மாலை. புதுப் படை தொடங்குகிறவர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: தலைவனைப் பார்க்காதீர்கள், காலாளைப் பாருங்கள்.

எலும்புக்கூட்டின் வேலை முறை எளிது. வெளிர் மஞ்சளில் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் நீர்த்த கரும்பழுப்பை உடல் முழுவதும் ஓடவிடுகிறேன். விலா எலும்புகளின் இடுக்கிலும் கண்குழியிலும் அது தானாகப் போய்த் தங்கும். பிறகு, துணியில் ஒற்றி ஈரம் எடுத்த தூரிகையால் மேலாகத் தேய்த்தால் எலும்பின் மேடுகள் மட்டும் வெளுத்து எழும்பும். 28 மில்லிமீட்டர் அளவு உருவத்தில் பற்கள் தனித்தனியாகத் தெரியும் அந்தக் கணத்துக்காகவே அடுத்ததைக் கையில் எடுக்கத் தோன்றுகிறது. ஒரு பிரிவுக்கு நான்கு மாலை போதும்.

எலும்புக்கூடுகளை வீட்டில் வைப்பதா என்று அம்மா முதலில் தயங்கினார். ஒரு நாள் உலரவைத்திருந்த வரிசையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "காரைக்கால் அம்மையாரும் இப்படித்தானே எலும்பும் நரம்புமாக ஈசன் முன்னால் நின்றார்" என்றார். அதன்பின் அலமாரியின் ஒரு தட்டை அவரே ஒழித்துக்கொடுத்தார்.

கருவிகள் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுத் தொழிலுக்கான கருவிக் கடைகளில் ஊசி அரமும் சாமணமும் கைத்துளைப்பானும் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் உருவங்களின் ஓரத்தில் ஓடும் வார்ப்புக் கோட்டை நீக்க, வெள்ளிக்காரர்களின் மெல்லிய அரத்துக்கு ஈடான ஒன்றை நான் பார்க்கவில்லை. வாங்கி இரண்டரை ஆண்டாகியும் மழுங்கவில்லை. உலோகத்தில் வார்த்த மந்திரவாதியின் கை, நொடியில் ஒட்டும் பசைக்கு நிற்காமல் இரண்டு முறை கழன்றது. கைத்துளைப்பானால் இருபுறமும் துளையிட்டு, நடுவில் மெல்லிய கம்பி செருகி ஒட்டினேன். அதன்பின் அசையவில்லை.

நான் அதிகம் கற்றுக்கொண்டது வெயிலிடமும் பனியிடமும்தான். சித்திரை மாதத்துச் சேலத்தில் அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே இறுகிவிடும். மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் நனைத்த பஞ்சுத்தகடு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் வண்ணம் என்று வைத்த பிறகுதான் கலந்த நிறம் இரண்டு நாள் தாங்கியது. ஏற்காட்டில் சிக்கலே வேறு. ஒண்டிக்கடைக்கு அப்பால் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர்தான் என் எதிராளி, ஓர்க் என்னும் கதை அரக்கர்களின் படைக்காரர். அவர் வீட்டுத் திண்ணையில் கார்த்திகை மாதப் பனியில் ஸ்பிரே அடிப்பூச்சு அடித்தேன். காற்றின் ஈரம் கலந்து, மணல் தூவியதுபோல் பொரபொரவென்று படிந்துவிட்டது. பத்து உருவங்களின் முகம் போயிற்று. சேலத்து உச்சி வெயிலில் அடித்தாலும் இதே கதிதான், பூச்சு உருவத்தைச் சேருமுன் வழியிலேயே உலர்ந்துவிடும். இப்போது அடிப்பூச்சு எல்லாம் மார்கழி, தை மாதங்களில், சேலத்து மாடியில், காலை ஒன்பது மணிக்குள்.

உருவங்கள் நிற்கும் அடித்தட்டுக்கு மண் போடுவதிலும் ஒரு பாடம் உண்டு. வடிகட்டிய காபித் தூளை உலர்த்திப் பசையில் தூவினால் ஈர மண் போலவே இருக்கும். முதல் இரண்டு பிரிவுகளுக்கு அப்படித்தான் செய்தேன். ஒரு மழைக்காலம் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்த அவற்றில் வெண்பூஞ்சை பூத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஏற்காட்டுச் செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து, ஆறிய பின் தூவினேன். அந்த நிறத்தை எந்தக் குப்பியிலும் வாங்க முடியாது.

ஏற்காட்டுக்குப் போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் படையைக் கொண்டுபோவது தனி வேலை. அடித்தட்டுகளின் கீழ் காந்தத் தாள் ஒட்டி, எவர்சில்வர் தட்டொன்றை வாங்கி வைத்தேன். ஒட்டவே இல்லை. பாத்திரங்களுக்குப் பெரிதும் பயன்படும் 304 ரக எவர்சில்வரைக் காந்தம் பிடிக்காது என்பது அன்றுதான் உறைத்தது. பழைய தகர டிரங்குப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. பஸ் எத்தனை குலுங்கினாலும் ஓர் ஈட்டிகூட முறியவில்லை.

இனி ஆட்டம். விளையாட்டு வடிவமைப்பாளர் அலெசியோ கவத்தோரே வகுத்த இந்த விதிகளில் வீரர்களை ஒவ்வொருவராக அகற்றுவதில்லை. பிரிவு முழுவதும் ஒரே தட்டில் நிற்கிறது, காயங்களைக் குறித்துக்கொண்டே வந்து, இரண்டு பகடை உருட்டி அது நிற்குமா ஓடுமா என்று பார்க்கிறோம். 20 பேர் பிரிவில் 11 உருவங்கள் இருந்தாலே விதி ஏற்கிறது, எந்த நிறுவனத்தின் பொம்மையானாலும் சரி. அதனால் என் தட்டுகளில் 14 எலும்புக்கூடுகளும், மீதி இடத்தில் சாய்ந்த கல்லறையும் பட்ட மரமும் இருக்கின்றன. செலவும் குறைந்தது, காட்சியும் கூடியது.

குறையும் உண்டு. ஒரே முறையில் இரு மடங்கு தூரம் போகும் இரட்டை நடை எலும்புக்கூடுகளுக்குக் கிடையாது. ஒரு முறைக்கு ஐந்து அங்குலம்தான், ஆட்டமோ ஆறேழு சுற்றில் முடிந்துவிடுகிறது. முதல் ஆறு மாதம் நான் வென்றதே இல்லை. மந்திரவாதியின் உந்து மந்திரம் விளங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. உருட்டும் பகடைகளில் நாலும் அதற்கு மேலும் விழுந்தவை ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் முன்னே தள்ளும். எதிரியைத் தொட்டுவிட்டால் அதுவே பாய்ச்சல். ஒரு ஞாயிறன்று அண்ணனின் ஓர்க்குகள் என் நடுப்படையில் மோதி நிற்க, அவற்றின் விலாப்புறத்தைப் பார்த்தபடி ஒரு பிரிவு நான்கு அங்குலத்தில் நின்றது. சரியாக நான்கு பகடைகள் விழுந்தன. பக்கவாட்டில் அடித்தால் தாக்குதல் இரட்டிப்பு. ஓர்க்குகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அண்ணன் எழுந்துபோய் இருவருக்கும் காபி கொண்டுவந்தார்.

இப்போது அக்கா மகன் படை தொடங்க ஆசைப்படுகிறான். குள்ளர் படை வேண்டுமாம். பெட்டி வாங்காமல், யாரிடமோ மிச்சமிருந்த ஒரே ஒரு குள்ளக் காலாளை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு மாலை குனிந்த தலை நிமிராமல் தாடியின் ஒவ்வொரு பின்னலுக்கும் வண்ணம் தீட்டினான். முடித்துக் கழுவிய தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இன்னொன்று இருக்கிறதா மாமா?" என்று கேட்டான். மறுநாள் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.