இன்டிசைனா, ஸ்கிரைபஸா? தமிழ்ப் புத்தகம் போடுகிறவன் கணக்கு

யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் நல்லதா, காசு கொடுத்து வாங்குவது நல்லதா என்று கேட்டால் எல்லோரும் முதலில் விலையைத்தான் பேசுவார்கள். நம்மூர் டிடிபி கடைகளில் அந்தப் பேச்சு எடுபடாது. கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து தருகிற தம்பியே பேஜ்மேக்கரையும் போட்டோஷாப்பையும் கிராக் போட்டுக் கொடுத்துவிடுவார், அதற்கு பில்லும் கிடையாது, கேள்வியும் கிடையாது. எல்லாமே சும்மா கிடைக்கிற இடத்தில் போய் 'இது இலவசம்' என்று ஸ்கிரைபஸை நீட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் விலையை ஒதுக்கிவிட்டு, தமிழில் புத்தகம் லே-அவுட் செய்கிற வேலையை மட்டும் வைத்து, அடோபி கம்பெனியின் இன்டிசைன், கட்டற்ற ஸ்கிரைபஸ் இரண்டையும் உரசிப் பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு கவிஞர் வந்தார். 2002இல் வந்த தன் தொகுப்பை மறுபதிப்பு போட வேண்டுமாம், கையில் கீறல் விழுந்த ஒரு சிடி. உள்ளே பேஜ்மேக்கர் 7 ஃபைல். அடோபியின் பழைய லே-அவுட் மென்பொருளான பேஜ்மேக்கர் 2001இல் அந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது, அடோபி முழுசாக இன்டிசைன் பக்கம் போய்விட்டது. இன்டிசைனின் பழைய பதிப்புகள் அந்த ஃபைலைத் திறக்கும், இப்போது சந்தாவில் வருகிற இன்டிசைன் திறக்காது. பூட்டு செய்தவனிடமே சாவி இல்லை. கடைசியில் திறந்தது லிப்ரே ஆபிஸ் என்கிற கட்டற்ற ஆபிஸ் தொகுப்பில் இருக்கிற டிரா! பேஜ்மேக்கர் ஃபைலைப் படிக்கிற வசதி 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. அந்த ஃபைலின் அமைப்பை வெளியிலிருந்தே நோண்டிப் பார்த்து யாரோ சிலர் எழுதி வைத்த நிரல் அது.

திறந்ததும் துள்ளிக் குதித்துவிடவில்லை. பத்திகள் இடம் மாறிக் கிடந்தன. எழுத்து முழுக்க பாமினி என்கிற பழைய ஃபாண்ட். ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு அது, அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் 'வணக்கம்' என்பது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்று தெரியும். கவிஞர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "தம்பி, இதுல என் கவிதை எங்க இருக்கு?" எழுத்துமாற்றியில் போட்டு, தமிழுக்கென்றே தனி இடம் கொடுக்கிற யூனிகோடுக்குக் கொண்டுவந்து, இரண்டு முறை மெய்ப்பு பார்த்த பிறகுதான் கவிதை கண்ணுக்குத் தெரிந்தது.

இதை வைத்துக் கட்டற்ற கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தமிழ் எழுத்து ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்தால் ஸ்கிரைபஸ் மானத்தை வாங்கிய காலம் ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. பக்கத்தில் வரும்போது கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். பழைய ஸ்கிரைபஸுக்கு இந்த இடமாற்றம் தெரியாது. 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள், ஆனால் அது சோதனைப் பதிப்பு, நிலையான 1.6 கைக்கு வர 2024 ஜனவரி ஆகிவிட்டது. அச்சகத்தில் பிளேட் போடக் காத்திருக்கும்போது, சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள், பாவம், என்று நாம் பொறுத்துக்கொண்டிருக்க முடியுமா?

சரி, இன்டிசைன் மட்டும் என்ன யோக்கியம்? 2012இல் சிஎஸ்6 என்கிற பதிப்பு வந்தபோதுதான் தமிழ் யூனிகோடு அதில் தானாக ஒழுங்காக விழுந்தது. அதிலும் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்று ஒன்றைத் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், மறந்தால் எழுத்து உடைந்து சிதறும். தெரியாத பலர் இன்டிசைனுக்குள்ளும் பழைய ஃபாண்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள், சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இப்படி எழுத்தை இடம் மாற்றி, கோத்து, அடுக்கித் தருகிற வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்கிற ஒரு கட்டற்ற நிரல். ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் அதுதான். இப்போது அடோபியின் இன்டிசைனுக்குள்ளும் அது இருக்கிறது, அதன் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆக, மாதாமாதம் சந்தா கட்டி வாங்குகிற பெட்டிக்குள்ளும் சும்மா கிடைக்கிற இன்ஜின்தான் ஓடுகிறது.

சந்தா என்றதும் இன்னொன்று. 2013இல் அடோபி இனிமேல் பெட்டியில் விற்க மாட்டோம், வாடகைக்குத்தான் என்று அறிவித்தது. 2019 அக்டோபரில் அமெரிக்கத் தடை உத்தரவைக் காரணம் காட்டி வெனிசுவேலாவில் எல்லாருடைய கணக்கையும் முடக்கப்போவதாகச் சொன்னது. அப்புறம் அமெரிக்க அரசிடம் அனுமதி வாங்கி அந்த முடிவைக் கைவிட்டது, அது வேறு. வாடகை வீட்டுக்காரனுக்கு இந்த பயம் புதிதில்லை.

வேலை செய்கிற சுகம் என்று வந்தால் இன்டிசைன் ஒரு படி மேலே, மறுக்க மாட்டேன். அறுநூறு பக்க நாவலை ஸ்கிரைபஸில் போட்டுவிட்டு ஒரு வரி திருத்தினால், டீ குடித்துவிட்டு வரலாம். ஆளும் கிடைக்க மாட்டார், இன்டிசைன் தெரிந்த பையனை நாளைக்கே பிடித்துவிடலாம், ஸ்கிரைபஸ் தெரிந்தவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அச்சகம் கேட்கிற சிஎம்ஒய்கே, அதாவது நான்கு வண்ண, பிடிஎஃப் எடுப்பதில் ஸ்கிரைபஸ் சொதப்பியதில்லை. படத்தைத் திருத்த கிம்ப் என்கிற கட்டற்ற மென்பொருள் பக்கம் போனால்தான் அந்த நான்கு வண்ண விவகாரத்தில் முழி பிதுங்கும், அந்த வேலைக்கு கிருதா என்கிற இன்னொரு கட்டற்ற மென்பொருள் பரவாயில்லை.

இப்போது என் ஏற்பாடு இதுதான். கவிதை, சின்னத் தொகுப்பு என்றால் ஸ்கிரைபஸ். வெறும் எழுத்தாக ஓடுகிற நாவல் என்றால் லிப்ரே ஆபிஸ் ரைட்டரே போதும், யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. படம் குவிந்த மலர், பத்திரிகை என்றால் மட்டும் ஒரு மாதத்துக்கு இன்டிசைன் சந்தா. வேலை முடிந்ததும் ஐடிஎம்எல் என்கிற ஃபைல் வடிவிலும் ஒரு பிரதி சேமித்துக்கொள்வேன், அதை ஸ்கிரைபஸாலும் திறக்க முடியும்.

கவிஞரின் புத்தகம் தை மாதம் வந்தது. பென் டிரைவில் அச்சுக்குப் போன பிடிஎஃப், ஸ்கிரைபஸ் ஃபைல், கவிதைகள் மட்டும் வெறும் யூனிகோடு உரையாக ஒன்று, பயன்படுத்திய ஃபாண்ட் என்று எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். ஃபாண்டை ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டார். இது முக்தா மலர், கட்டற்ற ஃபாண்ட், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றேன். பழைய சிடியை மட்டும் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.