கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரத்தில் கேனான் 55-250 எஸ்டிஎம்: இரண்டு வருட அனுபவம்

ஓசூர் பக்கமிருந்து இறங்கி வரும் 44, 48 ஆகிய இரு தேசிய நெடுஞ்சாலைகளும் கிருஷ்ணகிரி வரை ஒரே சாலையாக ஓடி, இங்கே வந்துதான் ஒன்று தருமபுரி, சேலம் பக்கமும் மற்றொன்று வாணியம்பாடி, வேலூர் பக்கமும் பிரிகின்றன. எனவே ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் கிளம்பும் லம்போர்கினியோ போர்ஷேயோ, தெற்கே போனாலும் கிழக்கே போனாலும், பெரும்பாலும் எங்கள் ஊர் எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. அந்த வண்டிகளைப் படமெடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. இதில் ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. இரண்டு வருடமாக இதற்கு நான் பயன்படுத்திவரும் லென்ஸ், கேனான் இஎஃப்-எஸ் 55-250 மி.மீ. எஃப்/4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது போகஸ் மோட்டாரின் வகை). கேமரா, பழைய 200டி.

2013இல் வெளிவந்த இந்த லென்ஸை நான் செகண்ட் ஹேண்டில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது எல்லோரும் சொன்ன ஒரே குறை, 250 மி.மீட்டரில் எஃப்/5.6க்கு மேல் திறக்காத இந்த லென்ஸுக்கு வெளிச்சம் போதாது, கார் படத்துக்கு எஃப்/2.8 உள்ள பெரிய 70-200 லென்ஸ்தான் வேண்டும் என்பது. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். நானும் முதல் மாதம் அதை நம்பினேன். சாலையோரத்தில் நின்று பழகிய பிறகு விஷயம் தலைகீழ் என்று புரிந்தது. இந்த வேலையில் வெளிச்சம் குறைவதைவிட, அதிகமாகிவிடுவதுதான் பெரிய தொல்லை.

ஓடும் காரைப் படமெடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, நான் செய்ததும் அதுவே, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு ஏற்றிவிடுவது. கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொண்டால் அது நொடிக்கு 22 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் என்பதால், நொடிக்குப் பத்துச் சுற்று. 1/1000 நொடியில் அந்தச் சக்கரம் நான்கு பாகைகூடத் திரும்பியிருக்காது. ஆரங்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி உறைந்து நிற்கும். பல கோடி ரூபாய் வண்டி, பஞ்சர் கடைக்காரருக்காக ரோட்டோரம் காத்திருப்பதுபோல் படத்தில் தெரியும். அதையே 1/60 நொடியில் எடுத்தால் சக்கரம் 60 பாகை சுழன்றிருக்கும். ஆரங்கள் கரைந்து வெள்ளித் தட்டாகிவிடும். ஆனால் அதே நேரத்தில் வண்டியும் 37 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அந்த நகர்வை, கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பி நாம்தான் ஈடுகட்ட வேண்டும். இதைத்தான் பேனிங் என்கிறோம்.

பேனிங்குக்கு இந்த லென்ஸ் தரும் மிகப் பெரிய உதவி அதன் எடை, அதாவது எடையின்மை. 375 கிராம்தான். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை கழுத்தில் தொங்கினாலும் வலிப்பதில்லை. தூரத்தில் எக்ஸாஸ்ட் சத்தம் கேட்டதும் சட்டென்று தூக்கி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, வண்டி கடந்து போன பிறகும் கையை நிறுத்தாமல் கொண்டுபோக முடிகிறது. நண்பர் ஒருவரின் பெரிய லென்ஸை ஒரு காலை முழுவதும் வைத்துப் பார்த்தேன். எட்டாவது வண்டிக்குள் தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது. இந்த லென்ஸில் உள்ள ஐஎஸ் என்ற நடுக்கத் தடுப்பு, கை நடுக்கத்தை மூன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) ஈடுகட்டும் என்று கேனான் சொல்கிறது. ஆனால் பேனிங்குக்கென்று தனி நிலை மாற்றும் சுவிட்ச் எதுவும் இல்லை. போட்டும் அணைத்தும் எடுத்துப் பார்த்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருபது படங்களில் இரண்டு தேறினால் அது நல்ல ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கணக்கை எந்த லென்ஸும் மாற்றிவிடாது.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 100இல் வைத்து 1/60க்கு இறங்கினால், துளையை எஃப்/20 அளவுக்குச் சுருக்க வேண்டியிருக்கும். அவ்வளவு சுருக்கினால் இரண்டு கேடுகள். ஒன்று, ஒளி விளிம்பில் வளைந்து படம் மொத்தமும் மழுங்கும். மற்றொன்று, எங்கள் ஊருக்கே உரியது என்றுகூடச் சொல்லலாம்: சுற்றிலும் கிரானைட் குவாரி, கல் ஏற்றிய லாரி, சாலையோரத்தில் ஒரு முறை லென்ஸை மாற்றினாலே சென்சாரில் தூசி உட்கார்ந்துவிடும். எஃப்/5.6இல் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசி, எஃப்/20இல் வானம் முழுக்கக் கரும்புள்ளிகளாக வந்து நிற்கும். இதற்கு நான் கண்ட மருந்து, லென்ஸின் முன் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் 58 மி.மீ. சர்க்குலர் போலரைசர் ஃபில்டர். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் எஃப்/11 பக்கம் வந்துவிடலாம். லென்ஸையும் வெளியில் கழற்றுவதில்லை. 55-250 என்ற வீச்சு அதற்குப் போதுமானதாக இருக்கிறது. நான்கரை மீட்டர் நீளமுள்ள காரை முன்னும் பின்னும் கொஞ்சம் இடம்விட்டு எடுக்க, 55இல் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 135இல் 36 மீட்டர், 250இல் ஏறக்குறைய 67 மீட்டர். நான் சர்வீஸ் ரோட்டில், கம்பித் தடுப்புக்கு வெளியே நிற்பவன். பெரும்பாலான படங்கள் 100க்கும் 150க்கும் இடையில் முடிந்துவிடுகின்றன. பிரதான சாலையில் இறங்கி நின்று எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போலரைசரின் உண்மையான வேலையை நின்றிருக்கும் வண்டியில்தான் பார்க்க வேண்டும். சென்ற மாதம் ஒரு பச்சை லம்போர்கினி ஹுராக்கான் டீக்கடை எதிரில் வந்து நின்றது. கடைக்காரர், போர்ஷே 911ஐ அதன் உருண்டை விளக்குகளுக்காகத் தவளை வண்டி என்று பெயர் வைத்து அழைப்பவர், கிளாஸைக் கழுவிக்கொண்டே, “தம்பி, இது தவளை இல்லப்பா, வெட்டுக்கிளி” என்றார். ஓட்டி வந்தவரிடம், “சார், ரெண்டு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டேன், “எடுங்க, நம்பர் பிளேட் மட்டும் வேண்டாம்” என்றார். 1,165 மி.மீ. உயரமே உள்ள அந்த வண்டிக்கு நின்றபடி படமெடுத்தால் கூரைதான் கிடைக்கும் என்பதால், மண்ணில் முட்டிபோட்டு, கண்ணை விளக்கின் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். முன் பம்பரில் பூச்சிகள் அப்பியிருந்தன. பானட்டின் மேல் கல்மாவு மெல்லிய விபூதிபோல் படிந்திருந்தது. முன்கண்ணாடியில் கடைப் பந்தலும் தென்னை மட்டையும் விழுந்து உள்ளே எதுவும் தெரியவில்லை. ஃபில்டர் வளையத்தை மெதுவாகத் திருப்பியபோது தென்னை மட்டை மங்கி மறைந்து, இருக்கையின் தையல் வரை தெரிந்தது. கதவில் படர்ந்திருந்த வானத்தின் வெளுப்பு விலகி, பச்சை அடியிலிருந்து மேலே வந்தது. எல்லாக் கோணத்திலும் இது நடப்பதில்லை. கண்ணாடிப் பரப்பின் செங்குத்துக்கு ஏறத்தாழ 56 பாகை சாய்வில்தான் முழுப் பலன். பூச்சில்லாத உலோகத்தின் பளபளப்பை ஃபில்டர் தொடாது. பக்கக் கண்ணாடியில் வானவில் போன்ற பட்டைகள் வந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். கண்ணாடியைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தும்போது அதற்குள் தங்கிவிட்ட அழுத்தத்தைத்தான் ஃபில்டர் காட்டிக்கொடுக்கிறது.

இந்த ஃபில்டருக்காகவே எஸ்டிஎம் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பேன். இதே பெயரில் கிடைக்கும் பழைய ஐஎஸ் 2 லென்ஸில் போகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும். பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்த போலரைசரும் கூடவே சுழன்று, செய்த வேலையெல்லாம் வீணாகும். எஸ்டிஎம்மில் முன்பகுதி அசையாது.

குறைகள் உண்டு. கேமராவில் பொருந்தும் மவுண்ட் பிளாஸ்டிக், தூசிக்கும் மழைக்கும் எதிராக ரப்பர் காப்பு எதுவும் இல்லை. போகஸ் வளையம் மின்சாரத்தில் இயங்குவதால் கேமரா அணைந்திருக்கும்போது அதைத் திருப்பிப் பயனில்லை. தூர அளவுகோலும் கிடையாது. நேரே எதிரில் சீறி வரும் வண்டியைத் தொடர்ந்து பிடிப்பதில் என்னிடம் தவறும் படங்கள் அதிகம். அதில் பாதிப் பழி 200டிக்கு, அதன் ஒன்பது போகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிப்பது. பக்கவெளிச்சத்தை மறைக்கும் ஹூட் தனியாக வாங்க வேண்டும்; கேனானின் ஈடி-63 பொருந்தும். நான் சிக்கனம் பார்த்து வாங்கிய பெயரில்லாத ஒன்று, லாரி கிளப்பிய காற்றில் கழன்று சாக்கடைக்குள் போனது. ஹூட் மாட்டியிருந்தால் ஃபில்டர் வளையத்தைத் திருப்ப விரல் நுழைவதும் கஷ்டம்.

கோடையில் ஒன்பதரை மணிக்கு மேல் 250இல் எடுத்தால் தார்ச்சாலையிலிருந்து எழும் கானல் படத்தைக் கலைத்துவிடும். அதற்கு விலை உயர்ந்த லென்ஸும் பதில் சொல்லாது, வீட்டுக்குக் கிளம்புவதுதான் வழி.

புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள்கூட அடாப்டர் மாட்டி இதைப் பயன்படுத்தலாம். நானும் அடுத்த கேமராவுக்கு மாறும்போது இந்த லென்ஸை விற்பதாக இல்லை. செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் வாங்கும் முன் 250 வரை நீட்டி, செல்போன் விளக்கைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஐஎஸ் சுவிட்சைப் போட்டு, வ்யூஃபைண்டரில் காட்சி துள்ளாமல் அமைதியாக நிற்கிறதா என்றும் பார்க்கட்டும்.